கோண உந்தங்களைச் சேர்ப்பது எப்படி? அல்சூர் ஞாயிறு வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு காலையில் பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். எல்லாரும் எம்.எஸ்சி. இயற்பியல். பாதிப் பேர் நெட், கேட் தேர்வுக்குத் தயாராகிறவர்கள், இரண்டு பேர் ஓசூரிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வருகிறவர்கள். பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் திடீரென்று ஆங்கிலத்தில் மாட்டிக்கொண்டவர்கள். குவாண்டம் இயற்பியலில் மற்றதையெல்லாம் எப்படியோ கடந்துவிடுகிறார்கள். கோண உந்தங்களைச் சேர்க்கும் அத்தியாயம் வந்ததும் வண்டி நின்றுவிடுகிறது. ஒவ்வோர் ஆண்டும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

குறியீடு பற்றி ஒரு வார்த்தை. மொத்தக் கோண உந்தத்தின் குவாண்டம் எண்ணை ஜே என்றும், அதன் செங்குத்துக் கூறின் எண்ணை எம் என்றும் எழுதுகிறேன். எல்லாம் எச்-பார் (பிளாங்க் மாறிலியை 2π-ஆல் வகுத்தது) அலகில். ஸ்பின் (துகளுக்கு உள்ளார்ந்து இருக்கும் கோண உந்தம்) பாதியாக உள்ள துகளுக்கு ↑ என்றால் எம் = ½, ↓ என்றால் எம் = −½.

கோண உந்தத்தைக் கூட்டுகிறோம் என்றால் உண்மையில் எதைக் கூட்டுகிறோம்?

"கூட்டல்" என்ற சொல்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். கூட்டப்படுவது செயலிகள். போனில் இருக்கும் செயலி இல்லை, நிலையின் மேல் செயல்படும் கணிதச் செயலி. முதல் துகளின் கோண உந்தச் செயலியும் இரண்டாவதின் செயலியும் சேர்ந்து மொத்தச் செயலி ஆகின்றன. அவ்வளவுதான் கூட்டல்.

எம் எண்கள் நேராகக் கூடும்: எம் = எம்1 + எம்2. ஜே எண்கள் அப்படிக் கூடாது. ஜே1-உம் ஜே2-உம் கொடுத்தால் ஒரே ஒரு ஜே வராது, ஒரு பட்டியலே வரும்.

அந்தப் பட்டியலில் புதிதாக எந்த நிலையும் முளைப்பதில்லை. இருக்கிற அதே நிலைகளை வேறு விதமாகக் கட்டுப்போடுகிறோம். முதலில் "எம்1 இவ்வளவு, எம்2 இவ்வளவு" என்று அடையாளம் வைத்திருந்தோம். இப்போது "ஜே இவ்வளவு, எம் இவ்வளவு" என்று வைக்கிறோம். இந்த அத்தியாயத்தில் உள்ள கணிதம் முழுக்க ஓர் அடையாளத்திலிருந்து மற்றதற்கு மாறுவதுதான்.

இரண்டு அரைகளைச் சேர்த்தால் 1 வருவது சரி. 0 எப்படி வருகிறது? அம்புகள் எதிரெதிராக நின்றால் 0, ஒரே பக்கம் நின்றால் 1 என்று நினைத்துக்கொள்ளலாமா?

நினைத்துக்கொள்ளலாம், ஆனால் சீக்கிரமே மாட்டிக்கொள்வீர்கள்.

நான்கு நிலைகள் இருக்கின்றன: ↑↑, ↑↓, ↓↑, ↓↓. இவற்றில் ↑↑-உம் ↓↓-உம் ஜே = 1-ஐச் சேர்ந்தவை. மீதி இரண்டிலும் அம்புகள் எதிரெதிர்தான், ஆனால் அவற்றில் எதுவும் தனியாக ஜே = 0 ஆகாது. (↑↓ + ↓↑)/√2 என்ற கலவை ஜே = 1. (↑↓ − ↓↑)/√2 என்ற கலவைதான் ஜே = 0. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு குறி மட்டும். முதல் மூன்றும் ட்ரிப்லெட், கடைசியாக வந்தது சிங்லெட்.

"ஒரே பக்கம் நிற்கும் அம்புகள்" என்பதும் சரியில்லை. ஒரு ஸ்பின்னின் நீளம் ½ இல்லை, √(½ × 3/2), அதாவது சுமார் 0.866. ட்ரிப்லெட்டின் மொத்த நீளம் √2, சுமார் 1.414. இரண்டும் உண்மையிலேயே ஒரே திசையில் இருந்தால் 1.732 வந்திருக்க வேண்டும். வரவில்லை. மொத்தத்தின் வர்க்கம் 2. அதில் ஒவ்வொரு ஸ்பின்னின் பங்கும் ¾. மீதி ½ என்பது இரண்டின் உட்பெருக்கத்தைப் போல இரு மடங்கு, ஆகவே உட்பெருக்கம் ¼. அதை ¾-ஆல் வகுத்தால் கோசைன் 1/3, கோணம் சுமார் 70.5 டிகிரி. "இணையான ஸ்பின்" என்று நாம் வாய் கூசாமல் சொல்லும் நிலையில் இடைக்கோணம் 70 டிகிரிக்கு மேல்! சிங்லெட்டுக்கு இதே கணக்கைப் போடுங்கள், கோசைன் சரியாக −1 வரும். அங்கே மட்டும் அம்புப் படம் ஏமாற்றாது.

ஜே ஏன் ஜே1 + ஜே2-இல் தொடங்கி, ஒவ்வொன்றாகக் குறைந்து, வித்தியாசத்தில் நிற்கிறது?

இதற்குப் புத்தகங்களில் ஒரு பட்டியல் இருக்கும். நான் அதை விட்டுவிட்டு ஐந்தாறு ஆண்டுகளாகக் கோலப்புள்ளிதான் வைக்கிறேன். யோசனை என் மாமியாருடையது என்று சொன்னால் மிகையில்லை. அவர் வாசலில் நேர்ப்புள்ளி வைத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே பிடிபட்டது.

ஜே1 = 2, ஜே2 = 1 என்று எடுத்துக்கொள்வோம். எம்1-க்கு ஐந்து மதிப்புகள்: 2, 1, 0, −1, −2. எம்2-க்கு மூன்று: 1, 0, −1. ஆகவே வரிசைக்கு ஐந்து புள்ளியாக மூன்று வரிசை வையுங்கள். இடமிருந்து வலமாகப் போனால் எம்1 குறையும், மேலிருந்து கீழே வந்தால் எம்2 குறையும். மொத்தம் 15 புள்ளிகள், 15 நிலைகள்.

இப்போது மேல் இடது மூலைப் புள்ளியைப் பாருங்கள். அங்கே எம் = 3. அங்கிருந்து இடது ஓரமாகக் கீழே இறங்கி, மூலையில் திரும்பி, கீழ் வரிசையில் வலது கடைசி வரை போங்கள். நம் "ட" எழுத்தை எழுதும் அதே இழுப்பு. வழியில் எம் மதிப்புகள்: 3, 2, 1, 0, −1, −2, −3. ஒன்றுகூட விடுபடவில்லை, எதுவும் இரண்டு முறை வரவில்லை. ஏழு புள்ளிகள், ஜே = 3-க்கு வேண்டிய அதே ஏழு.

அந்த "ட"-வை அழித்துவிடுங்கள். மீதி நான்கு புள்ளியாக இரண்டு வரிசை. மறுபடி ஒரு "ட" போடுங்கள்: 2, 1, 0, −1, −2. ஐந்து புள்ளிகள், ஜே = 2. அதையும் அழித்தால் ஒரே வரிசையில் மூன்று புள்ளிகள் மிச்சம்: 1, 0, −1. அது ஜே = 1. புள்ளி தீர்ந்துவிட்டது, ஆட்டமும் முடிந்தது. 7 + 5 + 3 = 15.

ஏன் வித்தியாசத்தில் நிற்கிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஒவ்வொரு "ட"-வும் ஒரு வரிசையைத் தின்றுவிடுகிறது. குறுகலான பக்கத்தில் எத்தனை வரிசையோ அத்தனை ஜே. மூன்று வரிசை என்றால் மூன்று ஜே, அதற்கு மேல் போட இடமில்லை. வரிசைக்கு ஐந்து புள்ளியாக மூன்று வரிசை யாருக்கும் மறக்காது. இதன்பிறகு "முக்கோண விதி" (ஜே வித்தியாசத்துக்கும் கூட்டலுக்கும் இடையில்தான்) என்று மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை.

அப்படியானால் பெரிய "ட"-வில் உள்ள ஏழு புள்ளிகள்தான் ஜே = 3-இன் ஏழு நிலைகளா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்பவருக்கு நான் மனத்துக்குள் ஒரு சபாஷ் போடுவேன், ஏனென்றால் கோலம் இங்கேதான் வழுக்கும். "ட" எண்ணிக்கைக்கு மட்டும்.

ஒரே எம் உள்ள புள்ளிகள் எல்லாம் ஒரே மூலைவிட்டக் கோட்டில் நிற்கும். எம் = 1 உள்ள கோட்டில் மூன்று புள்ளிகள் இருக்கின்றன. ஜே = 3, எம் = 1 என்ற நிலை அந்த மூன்றின் கலவை. ஜே = 2, எம் = 1 அதே மூன்றின் வேறொரு கலவை. ஜே = 1-உம் அப்படியே. எந்தப் புள்ளியை எவ்வளவு கலக்க வேண்டும் என்று சொல்லும் எண்களுக்குத்தான் கிளெப்ஷ்-கோர்டன் குணகம் என்று பெயர். இரண்டு முனைகளில் மட்டும் கோட்டுக்கு ஒரு புள்ளிதான், அங்கே கலக்க எதுவும் இல்லை.

சரி, அந்தக் குணகங்களை அட்டவணை பார்க்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது?

உச்சியில் தொடங்கி ஏணியில் இறங்குவதுதான் வழி. 1-ஐயும் ½-ஐயும் சேர்த்துப் பார்ப்போம், ஒரு தடவை கையால் போட்டவர்கள் பிறகு பயப்படுவதில்லை.

உச்சி நிலையில் கலவை இல்லை. ஜே = 3/2, எம் = 3/2 என்பது |1, 1⟩↑ மட்டுமே (அடைப்புக்குள் ஜே1, எம்1; அம்பு ஸ்பின்). இதன் மேல் இறக்கும் செயலியைப் போடுகிறோம். அது எம்-ஐ ஒன்று குறைக்கும், கூடவே √((ஜே + எம்)(ஜே − எம் + 1)) என்ற காரணியைத் தரும்.

இடது பக்கம்: ஜே = 3/2, எம் = 3/2. காரணி √(3 × 1) = √3.

வலது பக்கம் இரண்டு துண்டாக வரும், ஏனென்றால் மொத்தச் செயலி என்பது இரண்டின் கூட்டல். முதல் துண்டு |1, 1⟩-ஐ |1, 0⟩ ஆக்கும், காரணி √2. இரண்டாவது துண்டு ↑-ஐ ↓ ஆக்கும், காரணி 1. ஆகவே √2 |1, 0⟩↑ + |1, 1⟩↓.

√3-ஆல் வகுத்தால் ஜே = 3/2, எம் = ½ நிலை கிடைக்கிறது:

√(2/3) |1, 0⟩↑ + √(1/3) |1, 1⟩↓

ஜே = ½, எம் = ½ நிலை இதே இரண்டு புள்ளிகளின் இன்னொரு கலவை. மேலே உள்ளதற்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். எண்களை இடம் மாற்றி ஒரு குறியைத் திருப்பினால் போதும்:

√(2/3) |1, 1⟩↓ − √(1/3) |1, 0⟩↑

இந்த எண்களை வர்க்கப்படுத்தினால் நிகழ்தகவு. இந்தக் கடைசி நிலையில் ஸ்பின்னை அளந்தால் ↑ வர வாய்ப்பு 1/3, ↓ வர 2/3. மொத்தம் மேல்நோக்கி இருந்தும் ஸ்பின் பெரும்பாலும் கீழ்நோக்கி! இதைச் சொல்லும்போது வகுப்பில் யாராவது ஒருவர் பேனாவைக் கீழே வைப்பார். அந்த நொடிக்காகவே இந்தக் கணக்கைக் கரும்பலகையில் முழுதாகப் போடுவேன்.

மைனஸ் எந்தப் பக்கம்? என் விடையில் குறி மாறியிருக்கிறது. தப்பா?

இயற்கைக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. முழு நிலையையும் −1-ஆல் பெருக்கினால் எந்த அளவீடும் மாறாது. ஆனால் இரண்டு பேர் அட்டவணையை ஒப்பிட வேண்டுமென்றால் ஓர் ஒப்பந்தம் வேண்டும். காண்டன், ஷார்ட்லி என்ற இருவர் பெயரில் வழங்கும் ஒப்பந்தத்தைத்தான் எல்லாரும் பின்பற்றுகிறார்கள்: எம்1 தன் உச்ச மதிப்பில் இருக்கும் உறுப்பின் குணகம், எம் = ஜே நிலையில், பாசிட்டிவாக இருக்க வேண்டும். மேலே |1, 1⟩↓ பாசிட்டிவாக வந்தது அதனால்தான்.

ஆக, "முதல் துகள் எது?" என்பது முக்கியமாகிவிடுகிறது. இரண்டையும் இடம் மாற்றினால் குணகம் (−1)-இன் (ஜே1 + ஜே2 − ஜே) அடுக்கால் பெருக்கப்படும். நான் படித்த காலத்தில் ஒரு செமஸ்டர் தேர்வில் ஸ்பின்னை முதலிலும் சுற்றுப்பாதையை இரண்டாவதாகவும் எழுதிக் குறி மாறிப் போய், திருத்தியவர் நான்கு மதிப்பெண்ணையும் சுழித்துவிட்டார். மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டியும் பலிக்கவில்லை. வரிசையை முதல் வரியிலேயே எழுதி வையுங்கள்.

துகள் இயற்பியலாளர்கள் பயன்படுத்தும் அட்டவணையில் இன்னொரு கண்ணி: வர்க்கமூலக் குறியை விட்டுவிட்டு 2/3, −1/3 என்று மட்டும் அச்சிட்டிருப்பார்கள். மைனஸ் வர்க்கமூலத்துக்கு வெளியே நிற்கிறது என்று நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

கிளெப்ஷும் கோர்டனும் குவாண்டம் இயற்பியலாளர்களா?

இல்லவே இல்லை. ஆல்ஃப்ரெட் கிளெப்ஷ் 1872-இல் இறந்தவர், எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்டது 1897-இல். பால் கோர்டன் 1912 வரை வாழ்ந்தார். இருவரும் ஜெர்மானியக் கணிதவியலாளர்கள், மாறிலிக் கோட்பாட்டில் (இன்வேரியன்ட் தியரி) பல்லுறுப்புக் கோவைகளோடு மல்லுக்கட்டியவர்கள். அவர்கள் பெருக்கங்களைப் பிரித்த வழி அரை நூற்றாண்டு கழித்து அணுவுக்குப் பொருந்தியது. கணிதவியலாளர் எம்மி நோதரின் முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டியவரும் இந்தக் கோர்டன்தான்.

கிளைன்-கோர்டன் சமன்பாட்டில் வரும் கோர்டன் வேறு, அவர் வால்டர் கோர்டன். ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் வித்தியாசம் தெரியும், தமிழில் எழுதினால் இருவரும் ஒருவராகிவிடுகிறார்கள்.

இதெல்லாம் எங்காவது கண்ணுக்குத் தெரியுமா?

சமையலறையில் தெரியும். உப்புப் போட்ட சோற்றுக் கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தால் நீலத் தீ சட்டென்று மஞ்சளாகும். உப்பில் உள்ள சோடியத்தின் வேலை அது. அந்த மஞ்சள் ஒரே நிறம் இல்லை, 589.0, 589.6 நானோமீட்டரில் நெருக்கமாக நிற்கும் இரண்டு கோடுகள்.

ஏன் இரண்டு? கிளர்ந்த எலக்ட்ரானின் சுற்றுப்பாதைக் கோண உந்தம் 1, ஸ்பின் ½. சேர்த்தால் 3/2 அல்லது ½. சுற்றுப்பாதையும் ஸ்பின்னும் ஒன்றை ஒன்று உணர்வதால் இரண்டுக்கும் ஆற்றல் வேறு. எவ்வளவு வேறு என்பதைக் கணக்கிட உட்பெருக்கத்தின் மதிப்பு போதும்: ½ × (ஜே(ஜே+1) − 2 − ¾). ஜே = 3/2-க்கு ½ வரும், ஜே = ½-க்கு −1 வரும். முதலாவதில் நான்கு நிலைகள், இரண்டாவதில் இரண்டு. 4 × ½ − 2 × 1 = 0. மட்டம் இரண்டாகப் பிளந்தாலும் சராசரி நகரவில்லை. விடை சரியா என்று பார்க்க இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது.

பெங்களூரில் யாராவது இதை வைத்து ஆராய்ச்சி செய்கிறார்களா?

சதாசிவநகரில் இருக்கிறார்கள். ஹைட்ரஜன் அணுவின் தரைநிலையில் எலக்ட்ரான் ஸ்பின் ½, புரோட்டான் ஸ்பின் ½. நம் பழைய சிங்லெட், ட்ரிப்லெட் கதைதான். ட்ரிப்லெட் கொஞ்சம் மேலே, சிங்லெட் கீழே. மேலிருந்து கீழே இறங்கும்போது 1420 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலை, 21 சென்டிமீட்டர் நீளம். தனியாக விடப்பட்ட ஓர் அணு தானாக இறங்கச் சராசரியாக ஒரு கோடி ஆண்டுக்கு மேல் ஆகும். விண்வெளியில் ஹைட்ரஜன் கொட்டிக் கிடப்பதால் அலை கிடைத்துவிடுகிறது. 1944-இல் வான் டி ஹல்ஸ்ட் கணித்தார், 1951-இல் ஈவனும் பர்செல்லும் பிடித்தார்கள்.

சதாசிவநகர் ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் செய்த சாராஸ் கருவி இதே அலையைத்தான் தேடுகிறது. முதல் விண்மீன்கள் பிறந்த காலத்திலிருந்து புறப்பட்டதால் பிரபஞ்ச விரிவில் நீண்டு, நூறு மெகாஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கிவிட்ட அலை. 2020-இல் அந்த ஆண்டெனாவைத் தண்டிகானஹள்ளி ஏரியிலும் ஷராவதி அணையின் பின்நீரிலும் மிதக்கவிட்டார்கள். அடியில் சீரான ஊடகம் இருந்தால் தரையின் தொல்லை குறையும். ஆஸ்திரேலியாவில் வைத்த எட்ஜஸ் கருவி 2018-இல் கண்டதாகச் சொன்ன சமிக்ஞையைச் சாராஸின் அளவீடு ஏற்கவில்லை. அந்த முடிவு 2022-இல் வெளியானது. (↑↓ − ↓↑)/√2 ஏரியில் மிதந்த கதை இது.

எப்போது எம்1, எம்2 அடையாளம், எப்போது ஜே, எம் அடையாளம்?

எது வலுவாக இருக்கிறதோ அதன் பேச்சைக் கேளுங்கள். இரண்டு கோண உந்தங்களும் ஒன்றை ஒன்று இழுப்பது வலுவாக இருந்தால் ஜே, எம். வெளியிலிருந்து வரும் காந்தப்புலம் அதைவிட வலுவாக இருந்தால் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் புலத்துக்கு ஆடும், அப்போது எம்1, எம்2. இரண்டும் சமமாக இருந்தால் அணியை எழுதி ஐகன் மதிப்பு காண்பதைத் தவிர வழியில்லை.

மூன்று கோண உந்தங்கள் வந்தால்?

முதலில் இரண்டைச் சேர்த்து, கிடைப்பதோடு மூன்றாவதைச் சேர்க்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், எந்த இரண்டை முதலில் சேர்ப்பது? மூன்று அரைகளை எடுங்கள்: 8 = 4 + 2 + 2. ஜே = 3/2 ஒரு முறைதான், சண்டையில்லை. ஜே = ½ இரண்டு முறை வருகிறது. முதல் இரண்டையும் சிங்லெட்டாகச் சேர்த்து வந்தது ஒன்று, ட்ரிப்லெட்டாகச் சேர்த்து வந்தது இன்னொன்று. நீங்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் முதலில் சேர்த்திருந்தால் வேறு இரண்டு கிடைத்திருக்கும். ஒருவர் விடையை மற்றவர் விடையாக மாற்றும் எண்களுக்கு 6-ஜே குறியீடு என்று பெயர். ஜெருசலேமில் இருந்த ஜூலியோ ராக்கா 1942-இலிருந்து எழுதிய கட்டுரைகளில், சிக்கலான அணுக்களின் நிறமாலைக்காக இதற்கான கணிதத்தை வளர்த்தார்.

3-ஜே குறியீடு என்றால்?

கிளெப்ஷ்-கோர்டன் குணகமேதான், இயற்பியலாளர் விக்னர் உடுத்திவிட்ட நல்ல உடுப்பில். √(2ஜே + 1)-ஆல் வகுத்து, ஒரு குறியைச் சேர்த்து, எம்-ஐ −எம் ஆக்கினால் மூன்று கோண உந்தங்களும் சமமாக நிற்கும், எது முதல் எது கடைசி என்ற தகராறு பெரும்பாலும் போய்விடும். இந்தக் குறியீட்டுக்கு 12 சமச்சீர்கள்தான் இருக்கின்றன என்று எல்லாரும் இருந்தபோது, 1958-இல் டூலியோ ரெட்ஜே மொத்தம் 72 என்று காட்டினார். அந்த 72-ஐயும் மிகைவடிவத் (ஹைப்பர்ஜியோமெட்ரிக்) தொடர்களோடு பொருத்திப் பார்த்த வேலையில் சென்னை தரமணிக் கணித அறிவியல் நிறுவனத்தின் கே. சீனிவாச ராவுக்குப் பெரிய பங்குண்டு. தேர்வுக்கு வேண்டாம், ஆசைக்குப் படிக்கலாம்.

எம்-உம் சரி, முக்கோண விதியும் சரி. அப்படியும் அட்டவணையில் 0 இருக்கிறதே, அச்சுப் பிழையா?

1-ஐயும் 1-ஐயும் சேர்த்து 1 ஆக்கும் இடத்தைத்தானே சொல்கிறீர்கள்? எம்1 = 0, எம்2 = 0, எம் = 0. அது உண்மையான பூஜ்யம். மேலே சொன்ன இடமாற்ற விதியைப் போடுங்கள்: அடுக்கு 1 + 1 − 1 = 1, ஆகவே குறி மாற வேண்டும். ஆனால் இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால் இடம் மாற்றினாலும் அதே எண். தனக்குத்தானே எதிரான எண் 0 மட்டும்தான்.

அணுக்கரு வலுவிசையில் ஐசோஸ்பின் என்று ஒன்று உண்டு, அதற்கும் இதே கணிதம். மின்னூட்டமில்லாத ரோ துகள் இரண்டு மின்னூட்டமில்லாத பையான்களாகச் சிதையாமல், ஒரு பிளஸ், ஒரு மைனஸ் பையானாகச் சிதைவதற்கு இந்தப் பூஜ்யம் ஒரு காரணம்.

கணினியில் போட்டுவிடலாமே?

தாராளமாக. பைத்தானில் சிம்பை என்ற இலவச நூலகம் வர்க்கமூலங்களை அப்படியே, தசமமாக்காமல் தரும். ஆனால் முதலில் 1-ஐயும் ½-ஐயும் கையால் போட்டுவிட்டு, அது தரும் விடையோடு ஒப்பிடுங்கள். குறி மாறியிருந்தால் அதைத் திட்டாமல், எதை முதல் துகளாகக் கொடுத்தீர்கள் என்று பாருங்கள்.